ஆறு ஒட்டுவாயன்கள்

என் மனைவியோடு பேச வேண்டுமென்றால் நான் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும்.

கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். மருத்துவமனைக்காரர்கள் கொடுத்தனுப்பிய உயரமான கட்டில். தலைமாட்டில் முகம் மட்டும் இறங்குகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் முகத்தைப் பதித்து அவள் குப்புறப் படுத்திருப்பாள். வலது கண்மேல் பொடிப்பொடியாகத் துளை போட்ட பிளாஸ்டிக் மூடி. இடது கண் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தரையில் நான் போய்ப் படுத்தால், எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இருக்காது.

"பத்து நாள்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சாப்பிடும்போதும் குனிஞ்சபடி. பாத்ரூம் போனாலும் குனிஞ்சபடி. தலை நிமிரவே கூடாது."

கண்ணின் பின்பக்கத் திரையில் ஓட்டை விழுந்திருந்தது. தைத்து மூடக்கூடிய இடமில்லை. அதனால் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை ஏற்றியிருந்தார்கள். குமிழி போய் ஓட்டையில் ஒட்டி அழுத்திக்கொண்டே இருந்தால், அது தானாக மூடிக்கொள்ளும். டாக்டர் படம் வரைந்து விளக்கியபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் லிஃப்ட் மெக்கானிக். என் பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். அதில் உள்ள குமிழி எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கம் ஓடும். அவள் குப்புறப் படுத்திருக்கும்வரை கண்ணின் பின்பக்கம்தான் உயரம். நிமிர்ந்தால் குமிழி நகர்ந்துவிடும்.

அந்த வலது கண்தான் அவளுக்குச் சோறு போடுகிற கண். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. கொண்டைக்கடலை அளவு கடைவாய்ப் பல்லில் மேடு பள்ளம் செதுக்குவாள். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்ற மாதிரி லேசாக மஞ்சள் பூசுவாள். ஓட்டை மூடவில்லையென்றால் அந்த வேலை இல்லை.

ஆனால் அவளைப் பத்து நாள் அசையாமல் படுக்க வைப்பது பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்காதே என்று சொல்வதைப் போல. மாடி வீட்டில் தட்டு விழுந்தால் இவள் தலையில் ஷாம்பு நுரையோடு ஓடி வந்து வாசலில் நிற்பாள். "என்ன ஆச்சு?" என்ற கேள்வி அவள் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் கால் கிளம்பிவிடும். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "பதற்றப்படற மாதிரி எதையும் காதுல போடாதீங்க. எழுந்து உட்கார்ந்துட்டா நாம பட்ட பாடெல்லாம் வீண்," என்றார். அன்றிலிருந்து யாராவது கதவைத் தட்டினால், இரண்டாவது தட்டு விழுவதற்குள் ஓடிப்போய்த் திறந்தேன்.

இந்த நிலையில்தான் மீன்கள் சாகத் தொடங்கின.

ஹாலில், படுக்கையறைக் கதவுக்கு நேரெதிரே அவளுடைய மீன்தொட்டி இருந்தது. மூன்றடி நீளம். எட்டு நியான் மீன்கள், கொஞ்சம் செடிகள், இரண்டு கற்கள். ஞாயிறுதோறும் கண்ணாடியில் படிகிற பச்சைப் பாசியை அவளே சுரண்டுவாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யக்கூடாது என்று தெரிந்ததும், சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பு பாசி தின்கிற மீன்கள் ஆறு வாங்கி வந்தாள். கடையில் அதை ஓட்டோ என்றார்கள். விரல் கணு அளவுதான் இருக்கும். பக்கவாட்டில் கறுப்புக் கோடு. நாள் முழுவதும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும்.

"ஒட்டுவாயன்," என்று பெயர் வைத்தாள். "எனக்குப் பதிலா ஆறு பேர். நான் எழுந்து வர்ற வரைக்கும் இவங்க வேலையைப் பார்ப்பாங்க. ஒருத்தர் குறையாம ஒப்படைக்கணும், லிஃப்ட்காரரே."

தினமும் வேலை முடிந்து வந்து நான் தரையில் படுத்ததும் அவள் முதலில் கேட்பது வலியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அல்ல.

"ஆறு பேரும் ஆஜரா?"

"ஆறும் ஆஜர்."

பகலில் துணைக்கு அவள் அம்மா வந்திருந்தார். அத்தைக்கு என் முன்னால் நாற்காலியில் உட்காருவதற்கே கூச்சம். நான் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். எது தேவை என்றாலும் என்னிடம் நேராகச் சொல்லமாட்டார். சுவரைப் பார்த்து, "பாப்பாவுக்குச் சொட்டு மருந்து தீரப் போகுது," என்பார். சுவர் கேட்டுக்கொள்ளும், நான் போய் வாங்கி வருவேன். எனக்கும் அவரிடம் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லக் கூசும். மாமியார் மனம் நோகும்படி ஒன்றைச் சொல்வதைவிட, கேபிள் அறுந்த லிஃப்டில் ஏறிவிடலாம்.

இருபத்தெட்டு வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் வாசல் கண்ணாடிகளைத் துடைத்தவர் அவர். விரல் ரேகைதான் வாழ்க்கை முழுவதும் அவருடைய எதிரி. வந்த இரண்டாம் நாளே, அவர் துடைத்த துடைப்பில், எங்கள் வீட்டில் நான் அதுவரை மர நிறம் என்று நினைத்திருந்த ஒரு கதவு வெள்ளைப் பெயின்ட் அடித்தது என்று தெரிந்தது.

நான்காம் நாள் காலை, நியான்களுக்குத் தீனி போடப் போனபோது ஃபில்டரின் வாயில் ஓர் ஒட்டுவாயன் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறது என்று நினைத்தேன். விரலால் தொட்டேன். நகரவில்லை. வயிறு உள்பக்கமாக ஒட்டி, கரண்டிக் குழி போல இருந்தது.

"என்னங்க," என்று உள்ளேயிருந்து அவள் குரல். "ஏன் சத்தமே இல்ல?"

"தீனி போடறேன்."

அதைப் பால்கனிப் பூந்தொட்டியில் புதைத்தேன். தண்ணீர் கெட்டிருக்குமோ என்று தொட்டியைக் குனிந்து பார்த்தேன். தண்ணீரே இருப்பது தெரியாத அளவுக்குக் கண்ணாடி பளபளத்தது. ஓர் இலையில்கூடத் தூசி இல்லை. இவ்வளவு நன்றாக வேலை செய்கிற மீன் ஏன் சாக வேண்டும்?

மாலையில் தரையில் படுத்தேன்.

"ஆறு பேரும் ஆஜரா?"

மேலேயிருந்து ஒற்றைக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கு நேராகக் கீழே படுத்துக்கொண்டு பொய் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பார்வையை எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்புவது தெரியும்.

"ஆறும் ஆஜர். கண்ணாடி எப்படி இருக்கு தெரியுமா? பளிங்கு."

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல, என்னைவிட நல்லா செய்வாங்கன்னு." அவள் சிரித்தாள். கட்டில் ஆடியது. "ஒண்ணு செய்யுங்களேன். டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழட்டி இங்க தரையில சாய்ச்சு வைங்க. கதவு வழியா தொட்டி தெரியும். நானே எண்ணிக்குவேன்."

"அதோட ஸ்க்ரூ துருப் பிடிச்சிருக்கு."

"நீங்க லிஃப்டையே கழட்டறவர்."

"நாளைக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கறேன்."

ஆறாம் நாள் காலையில் இரண்டு. ஒன்று கல்லுக்குப் பின்னால், ஒன்று செடியின் அடியில் சுருண்டு. அன்று முழுவதும் ஒரு பதினொரு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்தேன். ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கும்போதும் மனம் எண்ணிக்கொண்டே வந்தது. ஆறு, ஐந்து, நாலு, மூன்று. மூன்றாம் மாடியில் நிறுத்தி, உதவிக்கு நின்றவரிடம் தலைவலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலையும் ஆறும் ஆஜர். கண்ணாடி ஸ்க்ரூ இன்னும் கழலவில்லை.

ஏழாம் நாள் மதியம் ஒட்டுவாயன்களை வாங்கிய கடைக்குப் போனேன். செத்த இரண்டில் ஒன்றை ஒரு மருந்து டப்பாவில் தண்ணீரோடு எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பசியில செத்திருக்கு சார்."

"பசியா? நியானெல்லாம் கொழுகொழுன்னு இருக்கே. தினமும் தீனி போடறேன்."

"அது மேல மிதக்கறதைத் தின்னும். இதோட வாயைப் பாருங்க, கீழ பார்த்த வாய். கண்ணாடியில, இலையில ஒட்டற பாசியைத்தான் சுரண்டும். உங்க தொட்டிக் கண்ணாடி எப்படி இருக்கு?"

"பளிங்கு மாதிரி," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அவ்வளவு நல்லா வேலை செய்யுதுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"விரல் நுனி சைஸ்ல ஆறு மீனு, மூணடித் தொட்டியைப் பளிங்கு ஆக்கிடுமா சார்? அப்படியே ஆக்கினாலும் மறுநாள் எதைத் தின்னும்? உங்க வீட்ல வேற யாரோ துடைக்கறாங்க. வேலைக்கு ஆள் வெச்சுட்டு அவங்க சோத்துல கை வெச்சிருக்கீங்க."

"யாரும் துடைக்கலையே."

"அப்போ பேயா துடைக்குது?"

புதிதாக மூன்று கொடுங்கள் என்று கேட்டேன். மூன்றைக் கொண்டுபோய் விட்டால் கணக்கு ஆறாகிவிடும், அவள் எழுந்து வரும்போது தெரியாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் வலையைக் கையில் எடுக்கவே இல்லை.

"சாப்பாடு இல்லாத வீட்டுக்கு நான் ஆள் அனுப்ப மாட்டேன் சார். முதல்ல அந்த மூணைக் காப்பாத்துங்க. வெள்ளரிக்காய்த் துண்டைக் கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, ஃபோர்க்கில குத்தி உள்ள இறக்குங்க. லைட்டைக் கொஞ்சம் அதிக நேரம் எரிய விடுங்க. கண்ணாடி அசிங்கமா ஆகட்டும். அசிங்கமா இருந்தாத்தான் இதுங்க பொழைக்கும்."

வேலைக்குத் திரும்பாமல் வெள்ளரிக்காயோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை சமையலறையில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய்த் தரையில் படுத்தேன்.

"என்ன இந்த நேரத்துல?" என்றாள் அவள்.

"பக்கத்துல வேலை. பகல்ல எப்படி, தூங்கறியா?"

"எங்க தூங்கறது? காதாலதான் வீட்டைப் பார்த்துட்டு இருக்கேன். பால்காரர் சைக்கிள், மேல் வீட்டு மிக்ஸி, அம்மா பாத்திரம். அப்புறம் நம்ம வீட்டு கரண்டுக்கு என்ன கேடு?"

"ஏன்?"

"நீங்க கிளம்பிக் கொஞ்ச நேரத்துல தினமும் தொட்டி ஃபில்டர் நிக்குது. ஒரு அரை மணி நேரம் கீச் கீச்னு ஒரு சத்தம். அணில் ஏதாவது வருதோ என்னவோ. அப்புறம் திரும்ப ஃபில்டர் ஓட ஆரம்பிக்குது. மீனுங்களுக்கு மூச்சு முட்டிடப் போகுது, பாருங்க."

பஞ்சை ஈரக் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தால் வருகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் வெளியே போகிறவனுக்குத் தெரியாதது, முகம் தரையைப் பார்த்துக் கிடந்தவளின் காதில் ஏழு நாளாக விழுந்துகொண்டிருக்கிறது.

"கரண்ட்தான்," என்றேன். "பார்க்கறேன்."

சமையலறை வாசலில் போய் நின்றேன். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். சுவரைப் பார்த்துப் பேசலாமா என்று எனக்கும் தோன்றியது.

"அத்தை, இந்த மீன்தொட்டி..."

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை.

"கவனிச்சீங்களா மாப்ள? சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன். சோப்பு ஒரு சொட்டுப் போடல. புதுப் பஞ்சு, வெறும் தண்ணி. ஷாக் அடிக்கும்னு மெஷினை நிறுத்திட்டுத்தான் கையை விடுவேன். இலையெல்லாம் ஒண்ணொண்ணா ரெண்டு விரல்ல பிடிச்சு... ஹோட்டல்ல வாசல் செடிக்கு அப்படித்தான் செய்வோம்."

"இல்ல அத்தை..."

"நீங்களும் வேலைக்குப் போய்ட்டு, பாப்பாவையும் பார்த்துட்டு, இதை எப்போ துடைப்பீங்க? பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? அந்தக் குட்டி மீனுங்க வேற அழுக்கை நக்கிட்டுக் கிடக்குது. பாவம், வாயில்லா ஜீவன். அதுங்களை வேலை வாங்கணுமா? நமக்கு என்ன கை கால் இல்லையா?"

வாயைத் தவிர வேறொன்றும் இல்லாத ஜீவன் அது. சட்டைப் பையிலிருந்து மருந்து டப்பாவை எடுத்து மேடையில் வைத்தேன். அத்தை குனிந்து பார்த்தார்.

"அந்த அழுக்குதான் அத்தை இதுக்குச் சாப்பாடு. வேற எதையும் தின்னாது."

தண்ணீர்க் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதை மூடவில்லை. எந்தக் குழாயும் சொட்ட விடாதவர்.

"எத்தனை?"

"மூணு."

"ஐயோ," என்றார். என் முகத்தை நேராகப் பார்த்தார். "அப்போ நானா கொன்னேன்? தினமும் துடைச்சுத் துடைச்சு நானே கொன்னேனா?"

குரல் உயர்ந்துவிட்டது. நான் கையைக் காட்டி அமர்த்துவதற்குள் அறையிலிருந்து கேட்டது.

"யாரைக் கொன்ன? அம்மா! யாரு செத்தது?"

கட்டில் கிறீச்சிட்டது.

நான் ஓடினேன். அவள் இரண்டு முழங்கைகளையும் ஊன்றியிருந்தாள். தோள்கள் எழும்பியிருந்தன. நெற்றி ஓட்டையின் விளிம்பைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தது. தலை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் ஒரு நொடி போதும். நான் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் சறுக்கினேன்.

"கீழ பாரு! என்னைப் பாரு! தலையைத் தூக்காதே!"

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. மீன். ஒட்டுவாயன். மூணு செத்துடுச்சு. மூணு இருக்கு."

"நேத்து ஆறுன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன். நாலாம் நாள்லேருந்து பொய் சொல்றேன்."

"நகருங்க. நான் பார்க்கணும்."

"பார்க்கலாம். கண்ணாடி கொண்டு வர்றேன். ஸ்க்ரூவெல்லாம் துருப் பிடிக்கல, அதுவும் பொய். நீ தலையை மட்டும் தூக்காதே."

அவள் கையை ஊன்றியபடியே இருந்தாள். எழவும் இல்லை, படுக்கவும் இல்லை. மனத்துக்குள் ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டைத் தொட்டுத் தொட்டு விலகியது. அப்போது என் காதருகே ஒரு மூச்சு வாங்கல் கேட்டது.

"மாப்ள, கொஞ்சம் தள்ளிக்குங்க."

அத்தைக்கு முழங்கால் மடங்காது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து, மெல்ல மெல்ல மல்லாந்தார். என் முன்னால் நாற்காலியில்கூட உட்காராதவர், என் தோளோடு தோள் இடிக்கத் தரையில் படுத்திருந்தார். இந்த ஏழு நாளும் அறை வாசற்படியில் நின்றே மகளோடு பேசியவர். இப்போதுதான் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறார்.

"நான்தான் பாப்பா," என்றார். "மாப்ள மேல தப்பில்ல. தினமும் அவர் போனதும் நான்தான் கண்ணாடியைத் துடைச்சேன். அதுங்க சாப்பாட்டையெல்லாம் துடைச்சு எடுத்துட்டேன். தெரியலடி எனக்கு."

மேலேயிருந்து ஒரு சொட்டு நேராக அத்தையின் நெற்றியில் விழுந்தது. அடுத்தது கன்னத்தில். அத்தையின் கை தானாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகளின் முகத்தை நோக்கி உயர்ந்தது. கண்ணைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கை பாதியில் நின்றது.

"அப்போ அது அணில் இல்லையா?" என்றாள் அவள்.

"இல்லடி. நான்தான்."

"ஹோட்டலை விட்டு ஆறு வருஷமாச்சும்மா." அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரல். முழங்கைகள் தளர்ந்தன. தோள் இறங்கியது. முகம் மறுபடி ஓட்டைக்குள் வந்து பதிந்தது.

"உன் நெத்தியில விழுந்துடுச்சு. துடைச்சுக்கம்மா."

"இருக்கட்டும்," என்றார் அத்தை.

பிறகு நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "குமிழி எங்க இருக்கு? தெரியுதா?"

மூடியின் துளைகள் வழியாக அவளுக்கு வெளிச்சமும் ஒரு வட்ட விளிம்பும் மட்டும் தெரியும். கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள்.

"வட்டமா... நடுவுலதான் இருக்கு."

ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் எல்லாம் மட்டமாக இருக்கிறது என்று பொருள். கண்ணுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டேன். டாக்டருக்குப் போன் செய்தேன். தலை நிமிரவில்லையென்றால் பயமில்லை, பத்தாம் நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

அதன் பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் ஒரு விநோதமான நோன்பு நடந்தது. வெள்ளரிக்காய்த் துண்டு ஃபோர்க்கோடு தொட்டியின் அடியில் கிடந்தது. விளக்கு கூடுதல் நேரம் எரிந்தது. அத்தை தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் பச்சை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தாலும் எழவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். "பார்க்க முடியல மாப்ள," என்று ஒரு முறை என்னிடமே சொன்னார், சுவரிடம் அல்ல. பஞ்சை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் சாய்த்து வைத்தேன். நான்கு ஸ்க்ரூவும் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டன.

"அடேங்கப்பா, என் தொட்டியா இது? குளம் மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க."

"எண்ணிக்கோ."

"ஒண்ணு... மூலையில. ரெண்டு, வெள்ளரிக்காய் மேல." நிறுத்தினாள். "மூணாவது?"

நான் ஹாலுக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் இல்லை. ஃபில்டர் வாயில் இல்லை. காலையில் இருந்தது, இருந்ததா, இரண்டையே இரண்டு முறை எண்ணினேனா? கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது.

"எங்கங்க? சொல்லுங்க. பொய் சொல்லாம சொல்லுங்க."

"தெரியல," என்றேன்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து தொட்டியின் பக்கவாட்டுக்குப் போனார். மூக்கு கண்ணாடியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். இருபத்தெட்டு வருடம் விரல் ரேகையைத் தேடிய கண்கள்.

"பாப்பா, இங்க ஒரு கோடு இருக்கு," என்றார். "பச்சையில, யாரோ ஈர விரலால இழுத்த மாதிரி. வளைஞ்சு வளைஞ்சு செடிக்குப் பின்னால போகுது." அவர் அந்தக் கோட்டைத் தொடாமல், காற்றில் விரலால் பின்தொடர்ந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "இருக்கான். தின்னுட்டு இருக்கான். வயிறு உருண்டையா இருக்குடி."

"நிஜமாவா?" என்று அவள் தலை அசைந்தது.

"ஆட்டாதே!" என்றோம் நானும் அத்தையும் ஒரே குரலில்.